பொறுத்தார் பூமி ஆள்வாரா?

பொழுதுபோக்காக ஜப்பானிய டி.வி. தொடர்களையும் படங்களையும் பார்க்க உட்காருபவர்கள், நமக்கு நன்றாகப் பழகிய ஒரு கேள்வியோடு எழுந்திருக்கிறார்கள்.

முதலில் கண்ணில் படுவது நீளம். நம் ஊர் மெகா சீரியலில் பதினோராவது வாரத்தில்தான் மாமியார் தன் முதல் சதித் திட்டத்தைத் தீட்டி முடித்திருப்பார். ஜப்பானில் அதே பதினோராவது வாரத்தில் கதை முடிந்து, நடிகர்கள் வீட்டுக்குப் போய், அடுத்த தொடருக்கு விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருடத்துக்கு நான்கு பருவங்கள். ஒவ்வொரு பருவத்திலும் புதுத் தொடர்கள். வாரத்துக்கு ஒரு நாள், மொத்தம் பத்து அல்லது பதினோரு பகுதிகள். பெரும்பாலான தொடர்களுக்கு இதுதான் கணக்கு. சக்கைப்போடு போட்டாலும் சரி, சுருண்டு விழுந்தாலும் சரி, கடை நேரத்துக்குச் சாத்தப்படும்.

அடுத்தது அமைதி. இடிவிழுந்தது போன்ற செய்தி வந்தாலும், கேமரா ஒரே முகத்தை மூன்று முறை பாய்ந்து பாய்ந்து காட்டுவதில்லை. செய்தியைக் கேட்டவர் "அப்படியா" என்கிறார். தேநீர் ஊற்றுகிறார். ஜன்னலுக்கு வெளியே ஒரு ரயில் போகிறது. அவ்வளவுதான். ஆனால் பார்ப்பவருக்குத் தொண்டை அடைக்கிறது.

மூன்றாவது சாப்பாடு. போலீஸ் கதையோ காதல் கதையோ, யாராவது எதையாவது ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். டி.வி. டோக்கியோவில் 2012-ல் தொடங்கிய 'கொதொகு நோ குருமே' தொடரில் கதை என்று சொல்லவே எதுவும் இல்லை. கோரோ என்ற வியாபாரி வேலையாக ஒரு பேட்டைக்குப் போகிறார். பசிக்கிறது. ஒரு கடையைத் தேடிப் பிடித்துச் சாப்பிடுகிறார். ஒவ்வொரு கவளத்தையும் மனசுக்குள் விமர்சிக்கிறார். இதை வைத்தே பத்து சீசன் ஓட்டிவிட்டார்கள். மாமியாரும் இல்லை, மருமகளும் இல்லை.

இந்தியாவுக்கு ஜப்பானிய டி.வி. புதிதல்ல. ஜப்பானியது என்று தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்தோம். 1993-ல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குழந்தைகளைத் தூர்தர்ஷன் முன்னால் கட்டிப்போட்ட 'ஜங்கிள் புக்' நினைவிருக்கலாம். குல்ஸார் பாட்டு எழுத, மோக்லி அழகாக இந்தி பேசினான். அவனை வரைந்து அனுப்பியவர்கள் ஜப்பானியர்கள். பிறகு டோரேமானும் ஷின்சானும் வந்து குழந்தைகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பெரியவர்களுக்கான கதைகள்தான் வெகுகாலம் திரைப்பட விழாக்களையும் ஃபிலிம் சொசைட்டிகளையும் தாண்டி வரவில்லை. இன்று நெட்ஃப்ளிக்ஸ் போன்ற இணையச் சேவைகள் சப்டைட்டிலோடு அவற்றைக் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டன.

நாலைந்தைப் பார்த்து முடித்த பிறகுதான் இவற்றுக்கெல்லாம் அடியில் ஓடும் ஒரு சரடு பிடிபடுகிறது. அது பொறுமை. ஜப்பானியர்கள் இதை 'கமன்' என்கிறார்கள். தாங்க முடியாததை முகம் சுளிக்காமல் தாங்கிக்கொள்வது என்று பொருள். 'பொறுத்தார் பூமி ஆள்வார், பொங்கினார் காடாள்வார்' என்று சொல்லிச் சொல்லி நம் வீட்டுப் பெண்களை வளர்த்தார்களே, கிட்டத்தட்ட அதே சங்கதி. ஜப்பானியக் கதைகள் இதை நம்புகின்றனவா? 1953, 1983, 2013 என்று முப்பது வருட இடைவெளியில் வந்த மூன்று கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் மூன்று வேறு பதில்கள் கிடைக்கின்றன.

எதையும் கேட்காத பெற்றோர்

முதலாவது யாசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ கதை' (1953). ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து ஒரு வயதான தம்பதி டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ரயிலேறி வருகிறார்கள். மூத்த மகன் டாக்டர். ஊர் சுற்றிக்காட்டக் கிளம்பும் நேரத்தில் நோயாளி வந்துவிடுகிறார். மகள் அழகு நிலையம் நடத்துகிறாள். அவளுக்கும் நேரமில்லை. இருவரும் பேசிவைத்துக்கொண்டு, பணம் போட்டு, பெற்றோரை அதாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே இரவெல்லாம் மற்றவர்களின் பாட்டும் கும்மாளமும். கிழவர்களுக்குத் தூக்கம் வரவில்லை. சொன்னதற்கு முன்பே திரும்பி வந்தால், மகள் வீட்டில் படுக்க இடமில்லை.

கடைசியில் அம்மாவைத் தன் ஒற்றை அறைக்கு அழைத்துப்போவது நோரிகோ. போரில் இறந்துபோன இரண்டாவது மகனின் மனைவி. பக்கத்து வீட்டில் மது கடன் வாங்கி மாமனாருக்கு ஊற்றியவளும், ஆபீசுக்கு லீவு போட்டு ஊர் சுற்றிக்காட்டியவளும் அவள்தான். பெற்ற பிள்ளைகள் செய்யாததை ரத்த சம்பந்தம் இல்லாதவள் செய்கிறாள். தம்பதி ஊர் திரும்பிய கையோடு அம்மா இறந்துபோகிறார். சடங்கு முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் உடைகளில் எது எனக்கு என்று மகள் கேட்டுவிடுகிறாள்.

இந்த வீடு நமக்குத் தெரிந்த வீடு. ஆனால் இதே கருவை நம் சினிமா எப்படிக் கையாளும் என்பதற்கு அமிதாப் பச்சன் நடித்த 'பாக்பான்' (2003) சாட்சி. அதில் கைவிடப்பட்ட அப்பா புத்தகம் எழுதிப் புகழ் பெறுகிறார். மேடை ஏறி மைக் பிடித்து நியாயம் கேட்கிறார். பிள்ளைகள் மன்னிப்புக் கேட்டு நிற்கிறார்கள். அரங்கம் கைதட்டுகிறது. ஓசுவின் அப்பா பிள்ளைகளைப் பற்றி ஒரு சுடுசொல்கூடச் சொல்வதில்லை. நம் பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பரவாயில்லை என்று கிழவனும் கிழவியும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். ஓசுவின் பார்வையில் பிள்ளைகளும் கெட்டவர்கள் அல்ல. வேலை அதிகம், வீடு சின்னது, அவ்வளவுதான். யாரையும் திட்டித் தீர்க்க முடியாததால்தான் படம் அத்தனை வலிக்கிறது.

பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கும் கீழே கேமராவை வைத்துப் படமெடுத்தவர் ஓசு. அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது வெற்று அறைகூடப் பேசுகிறது. உலக இயக்குநர்கள் 2012-ல் பிரிட்டிஷ் சஞ்சிகையான 'சைட் அண்ட் சவுண்ட்' நடத்திய வாக்கெடுப்பில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த படமாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் பொறுத்தவருக்குப் படத்தில் என்ன கிடைத்தது? கடைசிக் காட்சியில் அப்பா தனியே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறார். ஆள அவருக்கு எந்தப் பூமியும் கிடைக்கவில்லை.

ஒரு மூட்டை அரிசிக்கு

முப்பது வருடம் கழித்து, 1983 ஏப்ரலில், ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. காலை நேரத்தில் பதினைந்து நிமிடத் தொடர் ஒன்றைத் தொடங்கியது. பெயர் 'ஓஷின்'. ஒரு வருடம், 297 பகுதிகள். அந்த ஊர் வழக்கப்படி இது நீளமான தொடர். சராசரியாக 52.6 சதவீத வீடுகளில் இது ஓடியது. உச்சத்தில் 62.9 சதவீதம். ஜப்பானியத் தொடர்களில் இன்றுவரை யாரும் எட்டாத எண்ணிக்கை.

யாமாகதா மாகாணத்தின் ஏழைக் குத்தகை விவசாயி வீட்டில் சோற்றில் முள்ளங்கியைக் கலந்துதான் வயிற்றை நிரப்புகிறார்கள். அந்த வீட்டின் ஏழு வயதுப் பெண் ஓஷின், ஒரு மூட்டை அரிசிக்கு ஈடாக ஒரு வருடம் மரவியாபாரி வீட்டில் வேலை செய்ய அனுப்பப்படுகிறாள். பனிக்காலம். மொகாமி ஆற்றில் தெப்பம் நகர்கிறது. கரையில் நிற்கும் பெற்றோரைப் பார்த்துக் குழந்தை கத்துகிறாள். இந்த ஒரு காட்சிக்காகவே தொடரை நினைவில் வைத்திருப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அதன் பிறகு திருட்டுப் பழி, 1923 பூகம்பத்தில் அழியும் தொழில், நம் சீரியல் மாமியார்களுக்கே பாடம் நடத்தக்கூடிய ஒரு சாகா மாமியார், பிழைக்காத குழந்தை என்று அடி மேல் அடி. மூத்த மகன் போரில் சாகிறான். ஊர்ப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பியதில் தனக்கிருந்த பங்கை நினைத்து, தோல்விக்குப் பின் கணவன் தற்கொலை செய்துகொள்கிறான். ஓஷின் அழுதுவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறாள்.

அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இந்தத் தொடர் ஒளிபரப்பானது. ஈராக்குடன் நடந்த நீண்ட போரில் துவண்டுகிடந்த ஈரானில் அதற்குக் கிடைத்த வரவேற்பு அலாதியானது. துணி வியாபாரம் செய்த ஓஷினின் புகுந்த வீட்டுப் பெயர் தனோகுரா. பழைய துணி விற்கும் கடைகளுக்கே ஈரானியர்கள் 'தானாகுரா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தச் சொல் பாரசீகத்தில் இன்றும் புழங்குகிறது. கஷ்டப்பட்டால் முன்னுக்கு வரலாம் என்ற பாடத்தைத்தான் உலகம் 'ஓஷி'னிலிருந்து எடுத்துக்கொண்டது.

ஆனால் கதை எங்கே தொடங்குகிறது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஓஷினுக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல். சூப்பர் மார்க்கெட்டுகளின் சொந்தக்காரி. புதுக் கிளையின் திறப்பு விழா அன்று யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். கடையைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு எதுவும் தெரியாத மகனைப் பார்த்து, எங்கே தவறினோம் என்று தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறாள். பழமொழி சொன்னபடியே அவள் பொறுத்தாள், பூமியையும் ஆண்டாள். ஆண்ட பிறகு அவளுக்கு நிம்மதி இல்லை. வசதி வந்ததும் எதைத் தொலைத்தோம் என்பதைத்தான் கதாசிரியை சுகாகோ ஹாஷிதா தன் நாட்டைப் பார்த்துக் கேட்டார். ஜப்பான் பணத்தில் புரளத் தொடங்கியிருந்த நேரம் அது.

இரட்டிப்பாகத் திருப்பிக் கொடு

அந்தப் பணவீக்கம் 1990-களின் தொடக்கத்தில் வெடித்தது. நிலத்தின் விலையும் பங்குகளின் விலையும் சரிந்தன. ஒரே கம்பெனியில் சேர்ந்து ஓய்வு பெறும்வரை தலைகுனிந்து உழைத்தால் கம்பெனி காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் கூடவே சரிந்தது. 2013-ல் டி.பி.எஸ். சேனலில் ஞாயிறு இரவு 9 மணிக்கு வந்த 'ஹன்சாவா நவோகி' அந்தக் கோபத்தின் குழந்தை.

ஹன்சாவா ஒசாகாவில் ஒரு வங்கி அதிகாரி. மேலதிகாரியின் நெருக்கடியில் 50 கோடி யென் கடன் கொடுக்கப்படுகிறது. கடன் வாங்கிய கம்பெனி கம்பி நீட்டிவிடுகிறது. பழி மொத்தமும் ஹன்சாவா தலையில். வழக்கமான ஜப்பானியக் கதாநாயகன் குனிந்து வணங்கிப் பழியை ஏற்றுக்கொண்டிருப்பான். இவன் நிமிர்ந்து பார்த்து, வாங்கியதை இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுப்பேன் என்கிறான். 'பைகாயேஷி' என்ற அந்த ஒற்றைச் சொல் நாடெங்கும் பற்றிக்கொண்டது. அந்த ஆண்டின் பிரபலச் சொற்களுக்கான விருதும் அதற்குக் கிடைத்தது. பத்தாவது, கடைசிப் பகுதியை டோக்கியோ வட்டாரத்தில் 42.2 சதவீத வீடுகளில் பார்த்தார்கள்.

அவர்கள் காத்திருந்தது ஒரே ஒரு காட்சிக்காக. ஹன்சாவாவின் அப்பா திருகாணி செய்யும் சின்னப் பட்டறைக்காரர். வங்கி கைவிட்டதால் தற்கொலை செய்துகொண்டவர். கைவிட்ட அதிகாரி ஓவாதா இப்போது ஹன்சாவா வேலை செய்யும் வங்கியிலேயே இயக்குநர். இயக்குநர்கள் எல்லோரும் பார்க்க, அந்த ஓவாதாவை நெற்றி தரையில் படும்படி மண்டியிட வைக்கிறான் ஹன்சாவா. நடிகர் தெருயுகி ககாவா உடம்பெல்லாம் நடுங்க, பல்லைக் கடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகக் குனிவதைப் பார்த்தால், நம் சினிமா வில்லன்கள் தோற்றார்கள் என்று தோன்றும். இங்கே அமைதியும் இல்லை, ஜன்னலுக்கு வெளியே ரயிலும் இல்லை.

அத்தோடு முடித்திருந்தால் அது வெறும் மசாலா. கடைசி நிமிடத்தில் வங்கித் தலைவர் ஹன்சாவாவை அழைக்கிறார். பதவி உயர்வு என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். வேறொரு பங்கு வர்த்தகக் கம்பெனிக்கு அவனை மாற்றியிருப்பதாக உத்தரவு படிக்கப்படுகிறது. ஹன்சாவாவின் விறைத்த முகத்தோடு தொடர் முடிகிறது. தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதேதான். பொங்கினார் காடாள்வார்! இந்தியாவில் எந்த அரசு அலுவலகத்திலும் எந்த வங்கியிலும் இந்த முடிவுக்கு விளக்கம் தேவைப்படாது.

சுவருக்கு அப்பால்

பொறுப்பதற்கும் பொங்குவதற்கும் நடுவில், இரண்டுமே செய்ய முடியாதவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் படமெடுப்பவர் ஹிரோகாசு கோரெ-எதா. 'யாருக்கும் தெரியாது' (2004) என்ற அவரது படத்துக்கு மூலம் 1988-ல் டோக்கியோவில் வெளிச்சத்துக்கு வந்த ஒரு நிஜ சம்பவம். ஒரு தாய் தன் நான்கு குழந்தைகளை அடுக்குமாடி வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். சின்னக் குழந்தைகள் அந்த வீட்டுக்குள் வந்ததே சூட்கேசில் ஒளிந்துதான். சத்தம் போடக்கூடாது, பால்கனிக்குப் போகக்கூடாது என்பது வீட்டின் சட்டம். அம்மா போன பிறகும் குழந்தைகள் கொஞ்ச காலம் அந்தச் சட்டத்தை மீறுவதில்லை. காசு தீர்கிறது. மின்சாரம் போகிறது. பூங்காக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். மூத்தவன் அகிராவுக்குப் பன்னிரண்டு வயது. அவனாக நடித்த யூயா யாகிராவுக்குப் பதினாலு வயதில் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

இதைப் பார்க்கும்போது, முதலில் நம்மை மயக்கிய அந்த அமைதியின் மறுபக்கம் தெரிகிறது. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்பது ஜப்பானில் குழந்தைக்குப் பாலோடு ஊட்டப்படும் பாடம். தொந்தரவு கொடுக்காத குழந்தைகளைப் பற்றி அக்கம்பக்கத்தாரும் விசாரிப்பதில்லை. நம் ஊராக இருந்தால் இரண்டாம் நாளே எதிர் வீட்டு மாமி கதவைத் தட்டியிருப்பார் என்று தோன்றுவது இயற்கை. நம் நகரத்து அடுக்குமாடிகளில் இன்றும் அப்படித்தானா என்பது வேறு விஷயம். 2018-ல் கானின் தங்கப் பனையை வென்ற அவருடைய 'கடைத் திருடர்கள்' படத்தில், குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறுமியைக் கடைகளில் திருடிப் பிழைக்கும் ஒரு கும்பல் வீட்டுக்குத் தூக்கி வந்து சோறு போடுகிறது. அக்கறையோடு விசாரித்தவர்கள் திருடர்கள். சட்டம் அவர்களைத்தான் பிடிக்கிறது.

பண்டமாற்று

பொறுமையில் களைத்த ஜப்பானியர்கள் வெளியே தேடியதும் உண்டு. பொருளாதாரம் சுருங்கிக் கிடந்த 1998-ல் டோக்கியோவின் ஷிபுயா பகுதித் தியேட்டர் ஒன்றில் 'முத்து: ஆடும் மகாராஜா' என்ற பெயரில் ரஜினிகாந்தின் படம் திரையிடப்பட்டு மாதக்கணக்கில் ஓடியது. பாட்டு, ஆட்டம், ஓங்கி அழுவது, ஓங்கிச் சிரிப்பது என்று அவர்கள் திரையில் கிடைக்காதது எல்லாம் அதில் இருந்தது. ஜப்பானில் அதிகம் வசூலித்த இந்தியப் படம் என்ற அதன் பெருமையை 2022-ல்தான் 'ஆர்.ஆர்.ஆர்.' பறித்தது. அவர்கள் நம்மிடம் சத்தத்தை வாங்கிப்போனார்கள். நாம் அவர்களிடம் அமைதியை வாங்கிவருகிறோம். பண்டமாற்று நியாயமாகத்தான் நடக்கிறது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு 'ஷின்யா ஷொகுதோ' என்ற 'நள்ளிரவு உணவகம்' நல்ல வாசல். 2009-ல் ஜப்பானிய டி.வி.யில் தொடங்கி, 2016 முதல் நெட்ஃப்ளிக்ஸ் வழியாக உலகம் சுற்றிய தொடர். ஒரு பகுதி அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஷின்ஜுகுவின் சந்து ஒன்றில் இரவு 12 மணிக்குத் திறந்து காலை 7 மணிக்கு மூடும் சின்னக் கடை அது. பட்டியலில் இருப்பது பன்றி இறைச்சி போட்ட ஒரே ஒரு சூப். மற்றபடி யார் எது கேட்டாலும், சாமான் இருந்தால் செய்து தருவார் கடைக்காரர். கறுப்புக் கண்ணாடி போட்ட முரட்டு ரவுடிக்குக் குழந்தைகள் தின்னும் சிவப்பு சாஸேஜ். மது விடுதி நடத்தும் ஒரு முதியவருக்கு இனிப்பு முட்டைச் சுருள். கல்யாணமாகாத மூன்று ஆபீஸ் தோழிகளுக்குத் தேநீர் ஊற்றிய சோறு.

பகலெல்லாம் பொறுத்துக்கொண்டவர்கள்தான் அங்கே வருகிறார்கள். ஒசுவின் அப்பா, ஓஷின், ஹன்சாவா ஆகியோரின் தூரத்துச் சொந்தக்காரர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். கடைக்காரர் முகத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. அது எப்படி வந்தது என்று அவர் சொல்வதில்லை, வருபவர்களும் கேட்பதில்லை. யாருக்கும் அவர் பொறுமையைப் போதிப்பதில்லை, பழிவாங்கவும் தூண்டுவதில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறார். தட்டு காலியாவதற்குள் அவர்களே வாயைத் திறந்து சொல்லிவிடுகிறார்கள். பக்கத்து ஸ்டூலில் இருப்பவர் காது கொடுக்கிறார். பிரச்சினை தீராது. ஆனால் ஒருவர் தனியாகச் சுமந்ததை இப்போது நாலு பேர் சுமக்கிறார்கள். பொறுத்தார் பூமி ஆள்வாரா என்ற கேள்விக்கு இந்தத் தொடரும் பதில் சொல்வதில்லை. உட்கார ஓர் இடமும் சூடாக ஒரு தட்டும் கொடுத்துவிட்டு, காலை 7 மணிக்குக் கடையைச் சாத்திவிடுகிறது.